நான்காம் கட்டம்

உம் அல் குவைனில் மீன் சந்தைக்குப் பின்னால்
மூன்று மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின்,
வாளிக்குள் சொட்டும் ஏசி.
அதுதான் எங்கள் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், பிறப்பு, இறப்பு
எல்லாம் என் பத்து விரல் வழியாகத்தான் போகும்.
அரபி எனக்குச் சரியாகப் பேச வராது.
டைப் அடித்தால் பிழை இருக்காது.

பொழுதுபோக்கு மீன்பிடி உரிமப் படிவத்தில்
நான்காம் கட்டம்: நாட்டவர், மற்றவர்.
நாட்டவருக்கு இலவசம்.
மற்றவருக்குப் போன வருஷம் நூற்று இருபது,
இந்த வருஷம் முந்நூற்று அறுபது.
சுற்றறிக்கையைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியதும் நான்தான்.
செலோடேப் போதாமல்
ஒரு மூலை மடங்கித் தொங்கியது.

விஜிலியஸ் வந்தான்.
இனயம்காரன், வெல்டர்,
இரவு ஷிப்ட் முடித்த கண் கோவைப்பழம்.
மடங்கிய மூலையை விரலால் நீவிப் படித்தான்.
"மூணு மடங்கா? மீன் மூணு மடங்கு கூடிருக்கா?"
பதில் சொல்லும் கட்டம் என்னிடம் இல்லை.
சந்தையில் விளமீன் கிலோ பதினெட்டு.
முந்நூற்று அறுபதுக்கு இருபது கிலோ வரும்,
தலை வெட்டி, செதில் உரசி, பையில் போட்டு.
"வாங்கித் தின்ன எனக்கும் தெரியும்டே" என்றான்.

கடற்கரையில் பிறந்தும்
ஊரில் வள்ளம் ஏறியதில்லை அவன்.
அலை கண்டால் வாந்தி.
தூண்டில் பிடிக்கக் கற்றதே இங்கேதான்,
சிட்டகாங் ஜஹாங்கீரிடம், இரண்டு வருஷத்துக்கு முன்.
வெள்ளிக்கிழமை மட்டும், கல் பாலத்தில் நின்று,
தங்கூசி விரலில் நடுங்குகிற அந்த ஒரு நொடி.
அதற்கு என்ன விலை என்று
அவனும் இதுவரை கணக்குப் போட்டதில்லை.

அப்போது அபு சுல்தான் உள்ளே வந்தார்.
நல்ல மனிதர், சலாம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.
உட்கார இருந்ததோ ஒரே இரும்பு பெஞ்ச்.
விஜிலியஸ் தள்ளி இடம் கொடுத்தான்.
கோப்பில் அவருடைய வல்லூறின் பாஸ்போர்ட்:
பாலினம் பெண், கால் வளையத்தில் எண்.
வடக்கே எங்கோ ஒரு புல்வெளி நாடு,
ஆண்டுதோறும் அங்கேதான் வேட்டை.
வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு
அங்கேயும் கட்டணம் நாலு மடங்கு ஏறிவிட்டதாம்.

"எங்கள் பேரீச்சையில் திர்ஹம் காய்க்கிறது என்று நினைப்பு.
ஒரு கடிதம் போடு" என்றார்.
அரபியும் இந்தியும் கலந்து
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
நாங்கள் விருந்தாளிகள்.
உங்கள் கடையில் வாங்குகிறோம்,
உங்கள் விடுதியில் தூங்குகிறோம்,
அனுமதித்ததற்கு மேல் ஒரு இறகும் எடுத்ததில்லை.
வெளியூர்க்காரன் என்பதற்காக
இப்படி வாங்குவது நியாயமா?

பெஞ்சின் மறுமுனையிலிருந்து தமிழில் ஒரு குரல்:
"அதை அப்படியே எம்பேருக்கும் ஒரு காப்பி எடு."

"என்ன சொல்கிறான்?" என்றார் அபு சுல்தான்.
"கடிதம் நன்றாக இருக்கிறதாம்" என்றேன்.
அவர் சிரித்து, போனில் பறவையின் படம் காட்டினார்.
விஜிலியஸ் வாங்கிப் பார்த்தான்,
இரண்டு விரலால் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தான்,
"நல்ல கண்ணு" என்றான். அது பொய்யில்லை.
அவர் கையெழுத்துப் போட்டார்.
டைப்பிங் கூலி பத்தை முதலாளி பதினைந்தாக்கியிருந்தார்.
இருவருமே அதைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல் பாலத்துக்குப் போனேன்.
தூண்டில் ஜஹாங்கீருடையது,
உரிமமும், பழைய விலையில், மாசிவரை.
விஜிலியஸ் கீழே குந்தி
கணவாயைத் துண்டாக்கிக் கொக்கியில் கோத்துக்கொண்டிருந்தான்.
தங்கூசி இழுபட்டபோது
நடுங்கியது இவன் விரல்தான்.

இரை கோப்பதற்குக் கட்டணம் இன்னும் வரவில்லை.
வந்தால்
படிவத்தை நான்தான் அடிப்பேன்.